ரீல்ஸ் போட்டா கல்லா நிறையுமா? சிறு தொழில் செய்றவங்களுக்கு ஒரு நேரக் கணக்கு!

"இன்ஸ்டால பேஜ் ஓப்பன் பண்ணிட்டியா?"

வீட்டிலேயே கேக் செய்து விற்க ஆரம்பித்தாலும் சரி, தெருமுனையில் தையல்கடை போட்டாலும் சரி, முதலில் வந்து விழுகிற கேள்வி இதுதான். அடக்க விலை எவ்வளவு, ஒரு ஆர்டருக்கு என்ன மிச்சமாகும், மாசாமாசம் கடை வாடகை கட்ட முடியுமா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. பேஜ் இருக்கா, எத்தனை ஃபாலோவர்ஸ், ரீல்ஸ் போடுறியா... அவ்வளவுதான்.

பேஜ் ஆரம்பிக்க ஒரு ரூபாய்கூட செலவில்லை. அதனாலேயே அது இலவசம்னு நினைச்சுடுறோம். ஆனால், உங்க தொழிலில் நீங்க ஒரே ஆள். மாவு பிசைவதும் நீங்கதான், டெலிவரிக்கு வண்டி எடுப்பதும் நீங்கதான், கணக்கு எழுதுவதும் நீங்கதான். அப்படிப்பட்டவரிடமிருந்து ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் எடுத்தால், அது எங்கிருந்தாவது போயாக வேண்டும். பெரும்பாலும் தூக்கத்திலிருந்தும், வீட்டு ஆட்களோடு சாப்பிட உட்காரும் நேரத்திலிருந்தும்தான் போகிறது.

அந்த நேரம் திரும்பக் காசாக வருகிறதா? வருகிற தொழிலும் இருக்கு, வராத தொழிலும் இருக்கு. உங்களுடையது எந்த ரகம் என்று பார்த்துடலாம்.

ஒரு ரீலுக்கு என்ன செலவு?

வீட்டில் கேக் செய்யும் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்குவோம். முப்பது விநாடி ரீல்தான். ஆனால் மேஜையைத் துடைத்து, ஜன்னல் பக்கம் வெளிச்சம் பார்த்து, ஒரு கையில் போனும் இன்னொரு கையில் கிரீமுமாக நாலு தடவை எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டு தேடி, எழுத்து சேர்த்து, போட்டு முடித்து, அதுக்கப்புறம் வருகிற 'பிரைஸ் ப்ளீஸ்' எல்லாத்துக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் மூணு மணி நேரம் போயிடும். வாரத்துக்கு நாலு ரீல் என்றால் 12 மணி நேரம். மாதத்துக்கு 48 மணி நேரம்.

உங்க ஒரு மணி நேரத்துக்கு வெறும் 100 ரூபாய் மதிப்பு போட்டால்கூட 4,800 ரூபாய் ஆச்சு. ஒரு கிலோ கேக்கில் வெண்ணெய், முட்டை, கரன்ட், பாக்ஸ் எல்லாம் போக 300 ரூபாய் கையில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், ரீல்ஸ் பார்த்து 16 புது ஆர்டர் வந்தால்தான் போட்ட நேரத்துக்குச் சரிக்குச் சரி. 17-வது ஆர்டரிலிருந்துதான் லாபம் ஆரம்பம்.

'புது ஆர்டர்' என்கிற வார்த்தையைக் கவனிங்க. எப்படியும் உங்ககிட்டதான் பிறந்தநாள் கேக் வாங்கப்போகிற அத்தை பொண்ணு, ரீலுக்கு ஹார்ட் போட்டுவிட்டு ஆர்டர் கொடுத்தால் அது இந்தக் கணக்கில் வராது. ரீல் இல்லாவிட்டாலும் வந்திருக்கும் ஆர்டர் அது.

இதே கணக்கைத் தொழில் மாற்றிப் போட்டுப் பாருங்க. ஆரி வேலைப்பாட்டோடு கல்யாண பிளவுஸ் தைப்பவருக்கு ஒரு ஆர்டரில் 2,400 ரூபாய் நின்றால், மாதம் இரண்டே ஆர்டர் போதும், போட்ட நேரம் மீண்டுடும். பாக்கெட்டுக்கு 50 ரூபாய் நிற்கும் முறுக்கு என்றால் 96 பாக்கெட் கூடுதலாக விற்றாக வேண்டும். அதே ரீல், அதே உழைப்பு. விற்கும் பொருளைப் பொறுத்துப் பதில் அடியோடு மாறிடுது.

இந்த 48 மணி நேரத்தில் சேராத ஒன்று இருக்கிறது. 'ரீலுக்கு எத்தனை வியூஸ்னு மட்டும் பார்த்துட்டு வர்றேன்' என்று போனை எடுத்து, யாரோ போடும் நாய்க்குட்டி வீடியோவில் போய் நின்று, முக்கால் மணி நேரம் கழித்துத் தலை நிமிர்கிறோம் இல்லையா, அந்த நேரம். கடை வேலை என்ற பெயரில் போவதால் மனசாட்சியும் குத்தாது. இன்ஸ்டாகிராமைத் திறக்காமலேயே போஸ்ட்டை முன்கூட்டியே நேரம் குறித்துப் போட 'மெட்டா பிசினஸ் சூட்' என்ற ஆப் இருக்கு, இலவசம்தான். வருகிற மெசேஜுக்கும் அதிலேயே பதில் போடலாம். நாய்க்குட்டி அங்கே வராது.

உங்க கஸ்டமர் எவ்வளவு தூரத்தில் இருக்கார்?

லைக், வியூஸ், ஃபாலோவர்ஸ் எல்லாத்தையும்விட முக்கியமான கேள்வி இது. டிபன் கடைக்கு வருகிறவர் இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவர். ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர் அதே தெருவில் நிற்பவர். மொபைல் சர்வீஸ், பிளம்பர், இஸ்திரிக் கடை எல்லாமே இப்படித்தான். பட்டுக்கோட்டையில் இருக்கும் டிபன் கடை ரீலை சிங்கப்பூரில் உட்கார்ந்து 40,000 பேர் பார்த்தால் மனசுக்குச் சந்தோஷம். ஆனால் சாயந்தரம் மீந்துபோன இட்லி மாவு மீந்துபோனதுதான்.

மாறாக, கூரியரில் போகிற பொருளுக்குத் தூரம் ஒரு தடையே இல்லை. சேலை, இமிட்டேஷன் நகை, பொடி வகைகள், ஊறுகாய், பனை ஓலைக் கூடை, குழந்தைகளுக்கான மரப்பொம்மை... இதையெல்லாம் வாங்கும் ஆள் எந்த ஊரிலும் இருப்பார். ஊருக்குள் பத்து பேர்தான் வாங்குவார்கள் என்கிற பொருளுக்குத் தமிழ்நாடு முழுக்கத் தேடினால் ஆயிரம் பேர் கிடைக்கலாம். மணப்பாறை முறுக்கு, கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மாதிரி ஊர்ப் பெயரே விளம்பரமாக இருக்கும் பொருள் என்றால் இன்னும் வசதி. இந்த மூணுமே புவிசார் குறியீடு வாங்கியவை. வெளியூரில் செட்டிலான உங்க ஊர்க்காரர்களே முதல் கஸ்டமர்கள். சோஷியல் மீடியா நிஜமாகவே சோறு போடுவது இந்த இடத்தில்தான்.

இன்ஸ்டாகிராமில் அக்கவுன்ட்டை 'புரொஃபெஷனல்' என்று மாற்றிக்கொண்டால் 'இன்சைட்ஸ்' பகுதியில் உங்க ஃபாலோவர்ஸ் எந்தெந்த ஊர்க்காரர்கள் என்று காட்டும். திருச்சியில் மட்டும் டெலிவரி செய்கிற உங்களுக்கு முதல் மூணு ஊரில் திருச்சியே இல்லைன்னா, நீங்க வேறு யாருக்கோ பொழுதுபோக்கு நிகழ்ச்சி நடத்திட்டு இருக்கீங்க.

மேப்ல இருக்கீங்களா?

உள்ளூர் கஸ்டமரை நம்பி இருப்பவர் ரீல்ஸுக்கு முன்னால் செய்ய வேண்டியது இது. கூகுள் பிசினஸ் புரொஃபைல். முன்பு 'கூகுள் மை பிசினஸ்' என்று இருந்தது, 2021-ல் பெயர் மாற்றினார்கள். கட்டணம் கிடையாது. ஒரு மதியம் உட்கார்ந்தால் விவரம் எல்லாம் ஏற்றிடலாம். கடை உங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்த வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். கடை போர்டு, உள்ளே இருக்கும் சாமான், நீங்க ஷட்டர் திறப்பது என்று ஒரே ஓட்டத்தில் எடுத்தால் வேலை முடிஞ்சுது.

ஏன் இதற்கு முதலிடம்? இன்ஸ்டாவில் ஒருவர் சும்மா நேரம் போக்க வருகிறார், நடுவில் உங்க பொருள் கண்ணில் படுகிறது. கூகுளில் 'பக்கத்துல ஏ.சி மெக்கானிக்' என்று தேடுபவர், இப்போதே வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் வேடிக்கை பார்க்க வரவில்லை, காசு கொடுக்க வந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க நேரத்தின் மதிப்பு.

வீட்டிலிருந்தே தொழில் செய்கிற பெண்கள் பலர் முகவரி வெளியே தெரியுமே என்று தயங்குவதுண்டு. நியாயமான பயம். அதுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் இடத்துக்கே போய் வேலை செய்பவர், டெலிவரி கொடுப்பவர் என்றால் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஏரியாவுக்கு வருவீங்க என்பதை மட்டும் காட்டலாம்.

திறக்கும் நேரம், மூடும் நேரம், பொங்கலுக்கு லீவா என்பதைச் சரியாகப் போட்டு வைங்க. மேப்பை நம்பி வெயிலில் வந்து பூட்டிய ஷட்டரைப் பார்த்தவர் திரும்ப வருவது கஷ்டம். திருப்தியாகப் போகும் கஸ்டமரிடம் "ஒரு ரிவ்யூ போட்டுடுங்கண்ணா" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆனால் 'ஃபைவ் ஸ்டார் போட்டால் பத்து சதவிகிதம் தள்ளுபடி' என்று ஆசை காட்டாதீங்க. கூகுள் விதிப்படி அது தப்பு. ஒருவர் ஒரு ஸ்டார் போட்டுத் திட்டியிருந்தால், அவரோடு மல்லுக்கு நிற்காமல் இரண்டு வரியில் மரியாதையாகப் பதில் போடுங்க. அந்தப் பதில் அவருக்கானது இல்லை, அடுத்து படிக்கப்போகிற நூறு பேருக்கானது.

வாட்ஸ்அப்: ஏற்கெனவே வந்தவரை விட்டுடாதீங்க

புது ஆளைப் பிடிப்பதைவிட, ஒருமுறை வாங்கியவரை மறுபடி வரவைப்பது சுலபம். அந்தக் காலத்து மளிகைக்கடை அண்ணாச்சிக்குத் தெரிந்த விஷயம்தான் இது. அண்ணாச்சியிடம் இருந்தது கடன் நோட்டு, உங்ககிட்ட இருப்பது வாட்ஸ்அப் பிசினஸ். 2018-ல் வந்த ஆப். பொருள்களை விலையோடு அடுக்கி வைக்க கேட்டலாக், அடிக்கடி கேட்கும் கேள்விக்கு ரெடிமேட் பதில், கடை மூடிய நேரத்தில் தானாகப் போகும் மெசேஜ், 'பணம் வரணும்', 'பார்சல் போயாச்சு' என்று ஒவ்வொரு சாட்டுக்கும் லேபிள்... எல்லாம் அதிலேயே இருக்கு.

ஒரே மெசேஜை எல்லோருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால், உங்க நம்பரை அவர் போனில் சேவ் செய்திருந்தால்தான் அது அவருக்குப் போய்ச் சேரும். அதனால் பில் கொடுக்கும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கோங்கக்கா, புது ஸ்டாக் வந்தா ஸ்டேட்டஸ்ல போடுவேன்" என்று சொல்லிப் பழகுங்க. தினமும் 'குட் மார்னிங்' படம் அனுப்பினீங்கன்னா பிளாக்தான். வாரம் ஒன்று, அதிகபட்சம் இரண்டு, அதுவும் அவர்களுக்குப் பயன்படுவதாக இருக்கட்டும்.

ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். இது குறை இல்லை, வசதி. 'இன்னிக்கு மதியம் நாட்டுக்கோழி பிரியாணி, 30 பாக்ஸ் மட்டும்' என்கிற விஷயத்துக்கு எடிட்டிங்கும் வேண்டாம், டிரெண்டிங் பாட்டும் வேண்டாம். சட்டியைத் திறந்து ஒரு போட்டோ. இரண்டு நிமிஷ வேலை. பல வீட்டுச் சமையல் தொழில்களுக்கு இது மட்டுமே போதும் என்பது என் கருத்து. பேஜே தேவைப்படாது.

அப்போ இன்ஸ்டா யாருக்கு?

பார்த்தவுடன் ஆசை வருகிற பொருளுக்கு. செய்வதைப் பார்க்கவே சுவாரஸ்யமாக இருக்கும் வேலைக்கு. மெஹந்தி, ஆரி வேலை, பிரைடல் மேக்கப், கேக், டெரகோட்டா நகை, மாடித்தோட்டச் செடி, பழைய மர பீரோவை இழைத்துப் புதுசாக்கும் தச்சு வேலை. டேக்ஸ் ஃபைல் செய்து கொடுப்பவர் ஆட வேண்டிய அவசியம் இல்லை. அவருக்கு, ஒரு சந்தேகத்தை எடுத்துத் தெளிவாக விளக்கும் யூடியூப் வீடியோ நல்லது. ரீல் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். யூடியூபில் யாராவது தேடினால் இரண்டு வருஷத்துக்கு முந்தைய வீடியோவும் மேலே வந்து நிற்கும். நாற்பதைத் தாண்டியவர்கள்தான் உங்க கஸ்டமர் என்றால் ஃபேஸ்புக்கை ஒதுக்கிடாதீங்க. பெரியப்பா, சித்தி எல்லாம் இன்னும் அங்கேதான் இருக்காங்க. ஆனால் அங்கே பேஜில் போடுவது தானாகப் பரவும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நண்பர்கள், உறவினர்கள் போடுவதற்கே முன்னுரிமை, வியாபாரப் பேஜ்களுக்கு அப்புறம்தான் என்று 2018-லேயே ஃபேஸ்புக் அறிவித்துவிட்டது. உள்ளூர்க் குரூப்களில் பெயர் தெரிந்த ஆளாக இருப்பதுதான் அங்கே வேலை செய்யும்.

இன்ஸ்டாவுக்குத் திரும்புவோம். ஒரு வீடியோவை எத்தனை பேர் எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எத்தனை பேர் லைக் போட்டார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள் என்பதைத்தான் முக்கியமாகக் கணக்கில் எடுக்கிறோம் என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே சொல்லியிருக்கிறார். இதில் சிறு வியாபாரிக்குப் பயன்படுவது கடைசி விஷயம். 'ஏய், உன் தங்கச்சி கல்யாணத்துக்கு இதைப் பாரேன்' என்று ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பத் தோன்றுகிற மாதிரி வீடியோ இருக்கிறதா? கடை வாசலில் ஸ்லோமோஷனில் நடந்து வரும் ரீலை யாரும் யாருக்கும் அனுப்ப மாட்டார்கள். '36 சைஸ் பிளவுஸுக்கு எவ்வளவு துணி வேணும், லைனிங் எவ்வளவு?' என்று சொன்னால் அனுப்புவார்கள், சேவும் செய்து வைப்பார்கள்.

விலையை மறைக்காதீங்க. 'டி.எம் ஃபார் பிரைஸ்' என்று போட்டால் மெசேஜ் வரும், உண்மைதான். அதில் முக்கால்வாசி விலையைக் கேட்டுவிட்டுக் காணாமல் போகும் மெசேஜ். விலை தெரிந்தே வருகிறவர்தான் வாங்க வருகிறவர். ஐம்பது பேருக்குப் பதில் அடித்து ஐந்து ஆர்டர் எடுப்பதைவிட, எட்டுப் பேருக்குப் பதில் அடித்து ஐந்து ஆர்டர் எடுப்பது மேல் இல்லையா?

இன்னொரு விஷயம், பாட்டு. பிசினஸ் அக்கவுன்ட்டில் சினிமாப் பாட்டு பலதும் கிடைக்காது, காப்புரிமைப் பிரச்னை. 'ஐயோ அனிருத் பாட்டு வரலையே' என்று வருத்தப்பட வேண்டாம். தையல் மெஷின் ஓடும் சத்தம், எண்ணெயில் முறுக்கு விழும் சத்தம், உங்க குரல். இதைவிட நல்ல பாட்டு கிடைக்காது.

சீசனைப் பார்த்து வேலையைப் பிரிச்சுக்கோங்க. ஆடியில் கல்யாணம் இல்லை, பிளவுஸ் தைப்பவருக்குக் கை ஓயும். ஆவணியில் முகூர்த்தம் ஆரம்பித்துவிட்டால் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. ஆக, ஆடியிலேயே பதினைந்து இருபது வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் ஆவணியில் போனைத் தூக்க வேண்டாம். கல்யாண வீட்டார் ஒரு மாசம் முன்னாடியே துணி கொடுக்க வருவார்கள் என்பதால், நீங்க ஆடியில் போடுவதுதான் ஆவணி ஆர்டரைக் கொண்டுவரும். தீபாவளிப் பலகாரத்துக்கும் இதே கதைதான். தீபாவளிக்கு முதல் நாள் போடும் அதிரச ரீல் அடுத்த வருஷத்துக்குத்தான் உதவும்.

ஒரே போட்டோ, நூறு குரூப்பு

சேலை ரீசெல்லிங் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். வேலைக்குப் போக முடியாத எத்தனையோ பெண்கள் 'முதலீடே வேண்டாம், போட்டோவை ஃபார்வேர்டு பண்ணினா போதும்' என்று நம்பி இறங்குவது இதில்தான். ஈரோடு, இளம்பிள்ளை, சூரத் என்று எங்கிருந்தோ வரும் அதே போட்டோ, அதே மாடல், நூறு குரூப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். எல்லோரிடமும் ஒரே சேலை இருக்கும்போது வாங்குபவர் எதைப் பார்ப்பார்? விலையைத்தான். ஒருவர் 50 ரூபாய் குறைப்பார், அடுத்தவர் 70 குறைப்பார். கடைசியில் ஒரு நாள் முழுக்க மெசேஜ் அடித்து, கலர் மாறி வந்துவிட்டது என்ற திட்டையும் வாங்கி, கையில் நிற்பது ஒரு டீ காசு.

இதில் நின்று ஜெயிப்பவர்கள் ஃபார்வேர்டு செய்வதோடு நிறுத்துவதில்லை. நாலு சேலை என்றாலும் கையில் வாங்கி, பகல் வெளிச்சத்தில் பிரித்துக் காட்டி, "பார்டர் போட்டோல மெரூன் மாதிரி தெரியும், நேர்ல கொஞ்சம் பிரவுன்தான்" என்று குறையையும் சொல்லி விற்கிறார்கள். அவரிடம் வாங்குவது சேலை மட்டும் இல்லை, அவர் பேச்சையும் சேர்த்துத்தான். அதற்கு முதலீடு வேண்டும், கொஞ்சமாவது. முதலீடே வேண்டாம் என்று யாராவது சொன்னால், உங்க நேரம்தான் முதலீடு என்று புரிஞ்சுக்கோங்க.

வைரல் ஆகிட்டா?

எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். ஒரு ஃபுட் விலாகர் வந்து, கண்ணை மூடி, "அடடா... என்ன டேஸ்ட்டுங்க" என்று ஒரு வீடியோ போட்டால் போதும், கடை எங்கேயோ போயிடும். போகும்தான். எங்கே என்பதுதான் கேள்வி.

ஒரு நாளைக்கு 60 சாப்பாடு போடும் மெஸ்ஸை நினைச்சுப் பாருங்க. அம்மா சமையல், அப்பா பரிமாறுகிறார், மகன் கல்லாவில். ஞாயிற்றுக்கிழமை திடீரென்று 300 பேர் வந்து நிற்கிறார்கள். பன்னிரண்டரைக்கே மீன் குழம்பு தீர்ந்தது. அவசரமாக இன்னொரு தடவை வைத்த குழம்பில் பழைய ருசி இல்லை. நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்தவர் ஒன்றரை மணி நேரம் நின்று, கோபத்தில் கூகுளில் ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போகிறார். பத்து வருஷமாக தினமும் வந்த பேங்க் ஊழியர், உட்கார இடமில்லை என்று எதிர்க்கடைக்குப் போகிறார். மூணு வாரத்தில் கூட்டம் அடுத்த வைரல் கடைக்குப் போய்விடும். ஒரு ஸ்டார்கள் அங்கேயே இருக்கும். பேங்க் ஊழியருக்கு எதிர்க்கடை பழகியிருக்கும்.

கூட்டத்தை நம்பி அடுத்த கடையையும் வாடகைக்கு எடுத்து, கடன் வாங்கி டேபிள் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

அதனால், கூப்பிடுவதற்கு முன்னாலேயே ஒரு எண்ணை முடிவு பண்ணுங்க: தரம் குறையாமல் ஒரு நாளைக்கு என்னால் எத்தனை முடியும்? அதற்கு மேல் 'இன்னிக்கு முடிஞ்சுது' என்று போர்டு மாட்டத் தைரியம் வேண்டும். தையல் வேலைக்கும் இது பொருந்தும். கை நிறைய ஆர்டர் இருக்கும் டெய்லர் ரீல்ஸ் போட்டு இன்னும் ஆர்டர் வாங்கினால், கிடைப்பது லாபம் இல்லை, முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி வாசலில் நிற்கும் கல்யாணப் பெண்ணின் அம்மா. ஏற்கெனவே வேலை நிரம்பி வழிகிறவர் அந்த நேரத்தில் உதவிக்கு ஒரு ஆளைத் தயார் செய்யலாம், இல்லை என்றால் கூலியைக் கொஞ்சம் ஏற்றலாம். இரண்டுமே ரீல்ஸைவிட அதிகம் சம்பாதித்துத் தரும்.

விலாகருக்குக் காசோ பொருளோ கொடுத்துத்தான் வீடியோ என்றால், அது விளம்பரம் என்று வீடியோவிலேயே சொல்ல வேண்டும். 2021-லிருந்து இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் விதி இது. இலவசமாகக் கொடுத்த பொருளுக்கும் பொருந்தும். பத்து லட்சம் ஃபாலோவர்ஸ் இருப்பவரைத் துரத்துவதைவிட, உங்க ஊரை மட்டுமே சுற்றி வீடியோ போடும் பத்தாயிரம் ஃபாலோவர்ஸ் ஆள் லாபம். அவரைப் பார்ப்பவர்கள் பஸ் ஏறினால் உங்க கடைக்கு வரக்கூடியவர்கள்.

காசு கொடுத்து ஃபாலோவர்ஸ் வாங்குவதைப் பற்றி: வேண்டாம். பொம்மைகள் புடவை வாங்காது.

பூஸ்ட் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் நோக்கம் என்ன, எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர் சுற்றளவு என்பதைப் பாருங்க. 'புரொஃபைல் விசிட்' என்பதைவிட 'மெசேஜ்' என்று தேர்ந்தெடுத்தால் கணக்கு பார்ப்பது சுலபம். 500 ரூபாய்க்கு எத்தனை பேர் பேசினார்கள், அதில் எத்தனை பேர் வாங்கினார்கள்? 18 சதவிகித ஜிஎஸ்டி தனி என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

கொஞ்சம் சட்டம், கொஞ்சம் திருடன்

பேஜ் போட்டால் ஊருக்கே தெரியும். அதிகாரிகளுக்கும் தெரியும், திருடனுக்கும் தெரியும். வீட்டுச் சமையலாக இருந்தாலும் விற்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவு வேண்டும். வீட்டில் செய்த சோப்பு, ஹேர் ஆயில் எல்லாம் இன்ஸ்டாவில் அமோகமாகப் போகிறது. ஆனால் அழகுசாதனப் பொருளைத் தயாரித்து விற்கத் தனியாக லைசென்ஸ் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 'இந்தக் கஞ்சியைக் குடிச்சா சுகர் போயே போச்சு' என்று எழுதுவது 1954-ம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். பட்டாசை ஆன்லைனில் விற்க உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை போட்டுவிட்டது. தீபாவளி நேரத்தில் 'சிவகாசி ஹோல்சேல்' என்று வரும் விளம்பரங்களை இந்தக் கண்ணோடு பாருங்க.

மோசடியில் இரண்டு வகை ரொம்பவும் சகஜம். ஒன்று, பணம் அனுப்பியதாக போலி ஸ்கிரீன்ஷாட். பேங்க் கணக்கில் ஏறியதைப் பார்க்காமல் பார்சலைக் கட்டாதீங்க. இன்னொன்று, ராணுவத்தில் இருக்கிறேன், 50 பேருக்குச் சாப்பாடு வேணும் என்று ஆர்டர் கொடுத்து, 'அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த கியூ.ஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க' என்பார்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எப்போதுமே தேவையில்லை. பின் கேட்டால் உங்க பணம் போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துட்டீங்கன்னா வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீங்களோ, பணம் மீள அவ்வளவு வாய்ப்பு. 'உங்க பேஜ் காப்புரிமையை மீறிவிட்டது, இந்த லிங்க்கில் பாஸ்வேர்டு கொடுங்க' என்று வருவதும் திருடன்தான். இருகட்டச் சரிபார்ப்பை இன்னிக்கே ஆன் பண்ணிடுங்க.

வாடகை வீட்டில் மாடி கட்டாதீங்க

2020 ஜூன் 29-ம் தேதி சாயந்தரம் வரை இந்தியாவில் டிக்டாக் இருந்தது. அன்று ராத்திரி 59 ஆப்களுக்குத் தடை. லட்சக்கணக்கில் ஃபாலோவர்ஸ் வைத்திருந்தவர்களுக்கு அடுத்த நாள் ஒன்றுமே இல்லை. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்தது, எல்லோரும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார்கள். 2021 அக்டோபர் 4-ம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் மூணும் ஆறு மணி நேரத்துக்கு மேல் முடங்கின. மூணும் ஒரே கம்பெனி. வாட்ஸ்அப்பில் மட்டுமே ஆர்டர் எடுப்பவருக்கு அன்று கடை அடைப்பு மாதிரிதான்.

ஆக, கஸ்டமர் பெயர், போன் நம்பர், கடைசியாக என்ன வாங்கினார் என்பதை ஒரு நோட்டிலோ எக்செல்லிலோ தனியாக வைத்திருங்க. வாரம் பத்து நிமிஷம் போதும்.

அந்த நோட்டில் இன்னும் ஒரு காலம் சேருங்க: 'எப்படி வந்தார்?' புதுசாக வரும் ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பத்தி எப்படித் தெரியும்?" என்று கேட்டு, இன்ஸ்டா, மேப், ஸ்டேட்டஸ், தெரிந்தவர் சொன்னது, சும்மா அந்தப் பக்கம் போனவர் என்று குறிச்சுக்கோங்க. பக்கத்திலேயே அந்த வாரம் சோஷியல் மீடியாவுக்கு எத்தனை மணி நேரம் போச்சு என்பதையும் எழுதுங்க. போன் செட்டிங்ஸில் ஒவ்வொரு ஆப்புக்கும் எவ்வளவு நேரம் போனது என்று அதுவே காட்டும். மனசு சொல்லும் கணக்கைவிட அது கூடுதலாகத்தான் இருக்கும்.

மூணு மாசம் இப்படி எழுதினால் பதில் உங்க கையெழுத்திலேயே இருக்கும். இன்ஸ்டா வழியாக வந்த லாபத்தை அதற்குப் போன மணி நேரத்தால் வகுத்துப் பாருங்க. உங்க கடையில் ஒரு உதவியாளுக்கு மணிக்கு என்ன கூலி கொடுப்பீங்களோ, அதைவிடக் குறைவாக வந்தால் ரீல்ஸை வாரத்துக்கு ஒன்றாகக் குறைங்க, ஆர்டர் எண்ணிக்கை விழுகிறதா என்று இன்னும் ஒரு மாசம் பாருங்க. விழவில்லை என்றால் அந்த மூணு ரீலும் யாருக்காகவும் இல்லை. அதிகமாக வந்தால் தைரியமாக நேரத்தைக் கூட்டலாம், எடிட்டிங்குக்கு ஒரு காலேஜ் பையனைக்கூட வைத்துக்கொள்ளலாம்.

நிறுத்துவதென்று முடிவெடுத்தாலும் பேஜை டெலிட் செய்ய வேண்டாம். யாராவது பெயரைத் தட்டிப் பார்க்கும்போது ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும். பயோவில் போன் நம்பர், ஊர், கடை நேரம். மேலே பின் செய்ய மூணு போஸ்ட் இடம் தருகிறார்கள்: என்னென்ன கிடைக்கும், எப்படி ஆர்டர் கொடுப்பது, எங்கே இருக்கிறோம். பழைய விலைப்பட்டியலை மட்டும் தேடிப் பிடித்து எடுத்துடுங்க. 2022 விலைக்குக் கேக் கேட்டு வருகிறவருக்கு முட்டை விலையிலிருந்து விளக்கம் சொல்ல இன்னொரு அரை மணி நேரம் போகும்.